கன்சோல் சூடும் பிங் எண்ணும்: சிங்கப்பூர் வீடுகளில் கேம் விளையாடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் வீட்டு விவகாரத்தில் வந்து நிற்கும். ஏர்கான் போடலாமா, ரவுட்டரை எங்கே வைப்பது, கன்ட்ரோலர் ஏன் தானாக நகர்கிறது? இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பல, குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதியவை. பகலில் 31 டிகிரி வெயிலும் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் உள்ள ஊருக்கு அவை அப்படியே பொருந்தா. இந்தப் பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதியது. காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் கோளாறு எங்கே என்று அளந்து பார்க்கும் வழிகளுக்கு இதில் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

1 ஜிகாபிட் விரிவலையிலிருந்து 10 ஜிகாபிட்டுக்கு மாறினால் பிங் குறையுமா?

குறையாது. உங்கள் கருவியிலிருந்து கிளம்பும் சிறு தகவல் பொட்டலம் சர்வரைத் தொட்டுத் திரும்ப எடுக்கும் நேரம்தான் பிங். அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தொலைவு. கண்ணாடியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கி.மீ. போகிறது. அது வெற்றிடத்தில் அதன் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கணக்கு எளிது: ஒவ்வொரு 100 கி.மீ. தொலைவுக்கும் போய்வர 1 மில்லிவினாடி. தோக்கியோ நேர்கோட்டில் ஏறத்தாழ 5,300 கி.மீ. என்பதால், யார் எவ்வளவு பணம் கட்டினாலும் 53க்குக் கீழே இறங்காது. கடலடிக் கம்பிவடம் வளைந்து போவதாலும் வழியில் பல நிலையங்களில் நின்று மாறுவதாலும் நடைமுறையில் 70 வாக்கில் காட்டும். லாஸ் ஏஞ்சலிஸ் 14,000 கி.மீ.க்கும் மேல். அங்கே 170 வந்தால் உங்கள் இணைப்பில் குறையொன்றும் இல்லை.

ஆடும்போது பயன்படும் தரவின் அளவும் மிகக் குறைவு. பெரும்பாலான சுடும் ஆட்டங்களுக்கு மணிக்கு 100 மெகாபைட் சுற்றளவில் போதும். பெரிய குழாய் உதவுவது பதிவிறக்கத்துக்குத்தான். 100 கிகாபைட் ஆட்டம் 1 ஜிகாபிட்டில் ஏறத்தாழ 15 நிமிடத்தில் இறங்கிவிடும். அதையும் 10 ஜிகாபிட்டாக்கிக் குறைக்க நினைத்தால், பிளேஸ்டேஷன் 5இன் கம்பி இணைப்பு வாயே 1 ஜிகாபிட்தான் என்பதை நினைவில் வையுங்கள். கணினியில் அதற்கேற்ற வாய் இல்லையென்றாலும் இதே கதைதான்.

தென்கிழக்காசியாவுக்கான கேம் சர்வர்கள் பல சிங்கப்பூரிலேயே இருப்பதால் நமக்கு 5 முதல் 10 வரை கிடைக்கிறது. அதற்கு மேல் குறைக்க ஒன்றுமில்லை.

சென்னையில் இருக்கும் அத்தை மகனோடு விளையாடுகிறேன். சிங்கப்பூர் சர்வரா, மும்பை சர்வரா?

சிங்கப்பூர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002 முதல் நேரடிக் கடலடிக் கம்பிவடம் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 3,200 கி.மீ. மேலே சொன்ன கணக்குப்படி குறைந்தது 32 மில்லிவினாடி, அவர் திரையில் 40 வாக்கில் தெரியும், உங்களுக்கு 5. மும்பையைத் தேர்ந்தெடுத்தால் அவருக்கு 25, உங்களுக்கு 60 ஆகலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு வழியிலும் 35தான். ஆனால் சிங்கப்பூரில் இருவருமே 40க்குள் அடங்குகிறீர்கள். அவர் 90, 100 என்று சொன்னால் சர்வரை மாற்றுவதற்கு முன் அவர் வைஃபையில் ஆடுகிறாரா, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறாரா என்று கேளுங்கள்.

பிங் 8 என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் ஆள் குதித்துக் குதித்து ஓடுகிறார். ஏன்?

திரையில் காட்டும் எண் சராசரி. உங்களைத் தொல்லைப்படுத்துவது அதன் ஏற்ற இறக்கம். நூறு முறை 8, 8, 9 என்று வந்து நடுவில் ஒரே ஒரு 120 வந்தாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும், அந்த ஒரு 120இல் நீங்கள் செத்துப்போவீர்கள்.

கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். முதலில் கணினியிலிருந்து உங்கள் ரவுட்டரின் முகவரிக்கே (பெரும்பாலும் 192.168.1.1) 100 முறை பிங் அனுப்புங்கள். கம்பியில் என்றால் எல்லாமே 1 மில்லிவினாடிக்குள் இருக்கவேண்டும். நல்ல வைஃபையில் 2 முதல் 5. இங்கேயே 60, 80 என்று தாவினால் கோளாறு வைஃபையில். விரிவலை நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை. ரவுட்டர் வரை சீராக இருந்தால் அடுத்து வெளியே உள்ள ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே, கைப்பேசியிலிருந்து ஒரு பெரிய காணொளியைப் பதிவேற்றிப் பாருங்கள். அந்த நேரத்தில் மட்டும் எண் எகிறினால் ரவுட்டரில் வரிசை தேங்குகிறது என்று பொருள். யாரோ படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்ப, உங்கள் சிறு பொட்டலம் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. ரவுட்டர் அமைப்பில் ‘கியூஓஎஸ்’ அல்லது ‘எஸ்கியூஎம்’ என்ற பகுதியில், நீங்கள் அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டை உச்சவரம்பாகக் கொடுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை ரவுட்டருக்குள்ளேயே ஒழுங்காகும்.

இரண்டு சோதனையும் சீராக இருந்தும் குதித்தால், சர்வர் பக்கம் அல்லது எதிராளியின் பக்கம். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்ற பேச்சு ஓயாமல் சுற்றுகிறது. டிஎன்எஸ் ஒரு பெயருக்குரிய முகவரியைத் தேடித் தருவதோடு சரி. ஆட்டம் தொடங்கிய பிறகு அதற்கு வேலையில்லை.

ரவுட்டர் பாம் ஷெல்டருக்குள் இருக்கிறது. அறையில் வைஃபை எட்டவில்லை.

எட்டாது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் உள்ள அந்தப் புகலிடம், இரும்புக் கம்பி நெருக்கமாகக் கோத்த கான்கிரீட் சுவர்களும் கனத்த எஃகுக் கதவும் கொண்டது. வானொலி அலைக்கு அது கிட்டத்தட்ட ஒரு தகரப் பெட்டி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் மிக மோசமாக அடிபடும். 2.4 கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு என எல்லோருடைய ரவுட்டரும் 1, 6, 11 என்ற மூன்று தடங்களுக்குள் முட்டிக்கொள்கின்றன.

சுவரைத் துளைத்துக் கம்பி கொண்டுபோக நினைக்காதீர்கள். புகலிடச் சுவரை உடைக்கவோ ஊடுருவித் துளையிடவோ அனுமதியில்லை. இருக்கும் வழிகளை நாங்கள் பரிந்துரைக்கும் வரிசையில் சொல்கிறோம்.

முதல் வழி, கதவோரமாகத் தட்டைக் கம்பி ஒன்றை வெளியே இழுத்து, ரவுட்டரைக் கூடத்தில் தலை உயரத்தில் வைப்பது. கண்ணாடியிழை வரும் பெட்டி உள்ளேயே இருக்கட்டும். கேட்-5இ கம்பியே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும், கேட்-6 வாங்கினால் இன்னும் நிம்மதி. கேட்-8 என்று விலை உயர்த்திச் சொல்வதை வீட்டுக்கு வாங்கவேண்டாம்.

இரண்டாவது வழி பலருக்கு நினைவே வருவதில்லை. பழைய கேபிள் தொலைக்காட்சிக்காகச் சுவருக்குள் ஓடும் கம்பி பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் ‘மோகா’ எடாப்டர் ஒன்றைப் பொருத்தினால் அந்தக் கம்பியே இணையக் கம்பியாகிவிடும். அலைபிரிப்பான் நடுவில் இருந்தால் அதையும் மோகாவுக்கு ஏற்றதாக மாற்றவேண்டும். தாமதம் 3 முதல் 5 மில்லிவினாடி கூடும், ஆனால் சீராக இருக்கும். சீராக இருப்பதே இங்கே முக்கியம்.

மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் கருவி கடைசி வழி. ஏர்கானும் சலவை இயந்திரமும் ஓடத் தொடங்கினால் அதன் தரம் விழும். நீட்டிப்புப் பெட்டியில் சொருகாமல் சுவரில் நேராகச் சொருகினால்தான் ஓரளவாவது வேலை செய்யும்.

கணினி ஆடாமல் சும்மா இருக்கும்போதே 48 டிகிரி காட்டுகிறது. ஏதாவது கோளாறா?

இல்லை. இணையத்தில் ‘35 டிகிரி இருக்கவேண்டும்’ என்று எழுதுபவர் 20 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார். சில்லின் (சிப்பின்) சூடு அறையின் சூட்டோடு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாக நகரும். அறை 10 டிகிரி கூடினால் சில்லும் 10 டிகிரி கூடும். ஆகவே அந்த அட்டவணைகளில் 10ஐக் கூட்டிப் படியுங்கள்.

ஆடும்போது சிபியு (மையச் செயலி) 85, ஜிபியு (படச் செயலி) 80 வரை போனால் கவலை வேண்டாம். 95ஐத் தொட்டு அங்கேயே நின்று, கூடவே படவேகமும் விழுந்தால், சில் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். முன்பு 78 இருந்தது இப்போது 90 என்றால் தூசி அல்லது காய்ந்துபோன வெப்பப் பசை. பசையை மாற்றும்போது பழையதை 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு வையுங்கள். பிளேஸ்டேஷன் 5இல் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதில் இருப்பது திரவ உலோகம், மின்சாரம் கடத்தும். ஒரு துளி சிந்தினால் போர்டு போய்விடும்.

கன்சோலை டிவி அலமாரிக்குள் கண்ணாடிக் கதவு போட்டு வைக்கலாமா? அம்மா வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடுவார், புகை படாமல் இருக்குமே.

கதவை மூடி ஆடவே கூடாது. 200 வாட் இழுக்கும் கன்சோல் அந்த 200 வாட்டையும் வெப்பமாகத்தான் வெளியே தள்ளுகிறது. அலமாரிக்குள் 100 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் எடை 120 கிராம்தான். வெப்பம் முழுவதும் அதிலேயே தங்கினால் நொடிக்கு ஒன்றரை டிகிரி ஏறும். பலகைகள் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் உடனே எரிந்துவிடாது. ஆனால் பலகைகளும் சூடேறிய பிறகு விசிறி தன் சூட்டையே திரும்ப உள்ளே இழுக்கும். பின்பக்கம் குறைந்தது 10 செ.மீ. இடைவெளியும் திறந்த முன்பக்கமும் வேண்டும்.

சாம்பிராணி பற்றிய கவலை நியாயமானது. உலர்ந்த தூசி ஊதினால் பறந்துவிடும். சாம்பிராணிப் புகை, விளக்குக் கரி, தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி மூன்றும் தூசியோடு சேர்ந்தால் விசிறி இறகின் ஓரத்தில் பழுப்பு நிறப் பிசுக்காகப் படியும், ஊதினால் அசையாது. பூசையறைக்கும் அடுப்படிக்கும் நேர் எதிரே கன்சோலை வைக்காதீர்கள். புகை போடும் அரை மணி நேரம் அதை அணைத்து மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். ஆடும் முன் துணியை எடுக்க மறக்கவேண்டாம்.

துப்புரவு செய்ய: மின்இணைப்பைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பிளேஸ்டேஷன் 5இன் பக்கத் தகட்டைத் தூக்கி நகர்த்தினால் தூசி சேரவென்றே விட்ட குழிகள் தெரியும். அங்கே வேக்குவம் முனையை வைத்து இழுக்கலாம். காற்று அடிப்பதானால் விசிறியை ஒரு பல்குத்தியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் தாங்கி தேயும். பிசுக்குக்குப் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு இறகு இறகாகத் துடைப்பதுதான் வழி. நம் வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரியாக இருக்கும். பூனை இருந்தால் இரண்டு.

கன்சோலைச் சுற்றித் தின்பண்டத் துகள் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதமான சூடு, இருட்டு, இடுக்கு மூன்றும் கரப்பான்பூச்சிக்குப் பிடித்தவை.

ஏர்கான் அறையில் வைத்தால் உள்ளே நீர் கோக்குமா?

ஏர்கான் அறைக்குள் கோக்காது, அங்கே காற்று வறண்டிருக்கும். குளிர்ந்த பொருளை வெளியே கொண்டு வரும்போதுதான் ஆபத்து. வெளியே 31 டிகிரியும் 75 விழுக்காட்டு ஈரப்பதமும் இருந்தால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. 23 டிகிரி அறையில் இரவெல்லாம் கிடந்த கைக் கன்சோலைக் கூடத்துக்கு எடுத்து வந்தால், தேநீர்க் கடையில் ஐஸ் மைலோ குவளை வியர்ப்பதுபோல் அதுவும் வியர்க்கும். வெளியில் துடைத்துவிடலாம், உள்ளே போர்டில் படிந்ததைத் துடைக்க முடியாது.

மூடிய பைக்குள் போட்டு வெளியே எடுத்து வந்து அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். ஈரம் பையின் மேல் கோத்துக்கொள்ளும், கருவி மெல்லச் சூடேறும். பிறகு திறந்து முடுக்குங்கள்.

ஹெட்செட் மெத்தை கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து காதில் ஒட்டுகிறது. இரண்டு ஆண்டுதான் ஆகிறது.

பாலியூரித்தேன் ‘தோலின்’ இயல்பு அது. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றிலுள்ள நீராவியே மெல்ல வெட்டும். வெப்பமும் ஈரமும் கூடினால் வெட்டு வேகமாகும், வியர்வை அதைத் துரிதப்படுத்தும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த காலணியின் அடிப்பாகம் ஒருநாள் மாட்டியதும் பொடியாவதும், கேமிங் நாற்காலியின் கைப்பிடி தோல் உரிவதும் இதே வேதிவினைதான். பயன்படுத்தாமல் வைத்தால் பிழைக்கும் என்று நினைப்பது தவறு. துணி மெத்தை வாங்கி மாட்டுங்கள், உரிக்க அதில் ஒன்றுமில்லை. புதிய நாற்காலிக்கும் வலைத்துணிதான் எங்கள் பரிந்துரை.

பழைய மவுஸ், கன்ட்ரோலர் பிசுபிசுப்பதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதுவே. மேலே பூசிய ரப்பர் பூச்சு இளகிவிட்டது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு முழுக்க வந்துவிடும், அடியில் சுத்தமான பிளாஸ்டிக் இருக்கும். அச்செழுத்தும் கூடவே போகலாம் என்பதால் மறைவான இடத்தில் முதலில் தேய்த்துப் பாருங்கள். ஆல்கஹால் பற்றிக்கொள்ளும். விளக்கு எரியும் அறையில் செய்யவேண்டாம்.

கை வைக்காமலே ஆட்டத்தில் வரும் ஆள் நகர்கிறார். புது கன்ட்ரோலர்தான் வாங்கவேண்டுமா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஸ்டிக்கின் பக்கவாட்டில் இரண்டு சின்னப் பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும், மேல்கீழுக்கு ஒன்று, இடவலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரித்தடத்தின் மேல் உலோக நாக்கு ஒன்று உரசிக்கொண்டே நகர்கிறது. நாளடைவில் கரி தேய்ந்து பொடியாகி நாக்கின் கீழே சிக்கும். நடுவில் நிற்கும்போதும் மின்தடை தவறாக வாசிக்கப்படும்.

முதலில் பாருங்கள். கன்சோல் அமைப்பிலோ கணினியிலோ ஸ்டிக் சோதனைத் திரையைத் திறந்து, ஸ்டிக்கை வெவ்வேறு பக்கம் தள்ளிவிட்டு விடுங்கள். ஒவ்வொரு முறையும் புள்ளி ஒரே இடத்தில் நடுவிலிருந்து சற்று விலகி நின்றால், சீரமைப்பு செய்தால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஸ்டிக்கைத் தொடாமலே புள்ளி துடிதுடித்தால் கரித்தடத்தில் அழுக்கு.

அழுக்குக்கு: கன்ட்ரோலரை அணைத்து, ஸ்டிக்கின் தொப்பிக்கு அடியில் மின்தொடர்புத் துப்புரவுத் திரவம் இரண்டு மூன்று துளி விட்டு, எல்லாப் பக்கமும் 50 சுற்று சுற்றி, அரை மணி நேரம் காயவிடுங்கள். துருப்பிடித்த கீலுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதில் இன்னும் தூசி ஒட்டும். பிறகும் லேசாக நகர்ந்தால் ஆட்டத்துக்குள் ‘டெட்சோன்’ (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) அளவை 5லிருந்து 10 விழுக்காடாக்குங்கள்.

அதுவும் உதவாவிட்டால் ஸ்டிக்கையே மாற்றவேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்-கானில் பற்றவைப்பு தேவையில்லை. மூன்று கை திருகாணிச் சாவியும் நிதானமும் போதும், பட்டைக் கம்பியைப் பிடித்திருக்கும் தாழ்ப்பாளை நிமிர்த்தும்போது மட்டும் அழுத்தக் கூடாது. பிளேஸ்டேஷன் 5இன் கன்ட்ரோலரான டுவல்சென்ஸில் 14 இடங்களில் ஈயப்பற்றை எடுக்கவேண்டும். பழகாதவர் செய்தால் போர்டின் செப்புத் தடம் பிய்ந்து வரும். மாற்றுவதென்று முடிவானால் ஹால் விளைவு ஸ்டிக்கைப் போடுங்கள். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு அது. காந்தப்புலம் மாறுவதை அளப்பதால் உரசல் இல்லை, தேயக் கரித்தடமும் இல்லை. மாற்றிய பிறகு டுவல்சென்ஸை மென்பொருளில் மறுபடி சீரமைக்கவேண்டும், அதை விட்டுவிட்டுப் பலர் ‘புதுசும் நகர்கிறது’ என்கிறார்கள்.

மடிக்கணினியின் உலோக உடலைத் தடவினால் விர்ரென்று கூசுகிறது.

சார்ஜரில் இரைச்சலை வடிகட்ட, மின்வலைப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே சிறு கொண்மம் (கெப்பாசிட்டர்) ஒன்றை வைத்திருப்பார்கள். நிலக்கம்பி இல்லாத இரண்டு முள் சார்ஜரில், அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் உடலுக்குக் கசியும். தீங்கு செய்யும் அளவில்லை. மூன்று முள் நிலக்கம்பி உள்ள வடத்துக்கு மாறினால் கூச்சம் நின்றுவிடும். கூச்சத்தைத் தாண்டி அதிர்ச்சியாக அடித்தால் உடனே நிறுத்துங்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

இரண்டு முள் பிளக்கை மூன்று முள் துளைக்குள் பேனாவால் நெம்பிச் சொருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பாதுகாப்பு முத்திரை உள்ள எடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஜப்பானிலிருந்து வாங்கிய பழைய சூப்பர் ஃபாமிகாம் போன்றவற்றை நேரே சொருகாதீர்கள். அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை, இங்கே 230. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இப்போதைய கன்சோல்களின் எடாப்டரில் ‘100–240’ என்று எழுதியிருந்தால் கவலையில்லை.

மின்கட்டணம் ஏறியதற்கு மகனின் கேம்தான் காரணம் என்கிறார் அப்பா. உண்மையா?

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கட்டணம் காலாண்டுக்கு ஒருமுறை மாறும், யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மணி நேரம், மாதம் 90 மணி. பிளேஸ்டேஷன் 5 ஏறத்தாழ 200 வாட்: 18 யூனிட், 5 வெள்ளி 40 காசு. தொலைக்காட்சியில் இணைத்த ஸ்விட்ச் 15 வாட் என்றால் மாதம் 40 காசு. 450 வாட் இழுக்கும் கேமிங் கணினி 12 வெள்ளி 15 காசு. அதே நேரம் அறையில் ஓடும் ஏர்கான் 800 வாட் என்றால் 21 வெள்ளி 60 காசு.

ஆகப் பெரிய செலவு ஏர்கான்தான். ஆனால் அப்பா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 500 வாட் கணினி மணிக்கு 1,700 பிடியூ வெப்பம் தருகிறது. 9,000 பிடியூ ஏர்கானின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அதை வெளியேற்றவே போகும். படவேகத்தை 60இல் நிறுத்திவைத்தால் பல ஆட்டங்களில் கணினியின் இழுப்பு வெகுவாகக் குறையும். சுவருக்கும் பிளக்குக்கும் இடையில் சொருகும் மின்அளவி ஒன்று வாங்கி வைத்தால் வாக்குவாதமே வராது.

இடி இடிக்கும்போது ஆடலாமா?

ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடி கேட்கும் ஊரில் இது நல்ல கேள்வி. வீட்டுக்குள் வரும் கண்ணாடியிழை மின்சாரம் கடத்தாது. பழைய தொலைபேசிக் கம்பி வழியாக மின்னல் மோடத்தை எரித்த காலம் போய்விட்டது. மின்கம்பி வழி திடீர் மின்னழுத்த எழுச்சி வர வாய்ப்பு உண்டு. எழுச்சித் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பெட்டி உதவும், ஆனால் அதனுள் இருக்கும் தடுப்பான் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் தேயும். ‘பாதுகாப்பு’ விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் நீட்டிப்புப் பெட்டி. அருகில் இடித்தால் பிளக்கைக் கழற்றுவதே உறுதியான வழி.

ஆட்டம் காரணமே இல்லாமல் நின்றுபோகிறது. விண்கதிர் பட்டு நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1) மாறிவிடும் என்கிறார்களே?

அந்தப் பேச்சுக்கு மூலம் 2013இல் நடந்த ஒரு சூப்பர் மரியோ 64 வேகப் போட்டி. மரியோ திடீரென்று மேல்தளத்துக்குத் தாவினார். அவருடைய உயரத்தைக் குறிக்கும் எண்ணில் ஒரேயொரு பிட்டை மாற்றினால் அதே தாவல் வருகிறது என்று பிறகு காட்டினார்கள். விண்கதிர்தான் மாற்றியது என்பதற்கு நிரூபணம் இல்லை, நிகழக்கூடியது என்ற அளவில் நிற்கிறது. 2003இல் பெல்ஜியத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்ததும் இந்தப் பேச்சில் தவறாமல் வரும். 4,096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு, அதாவது ஒரே பிட். நம் ஊரோடு தொடர்புடைய ஒன்றும் உண்டு. 2008 அக்டோபர் 7ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்ற குவாண்டாஸ் 72 விமானம் நடுவானில் திடீரென மூக்கைக் கீழே சாய்த்தது. தரவுக் கருவி ஒன்று தவறான எண்களை அனுப்பியிருந்தது. விண்கதிரும் சாத்தியக் காரணங்களில் ஒன்றாகப் பார்க்கப்பட்டது, உறுதி செய்யப் போதிய சான்று கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டுக் கணினிக்கு வருவோம். விண்கதிர்த் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் மிக அதிகமாகத் தடுக்கும் வட்டாரங்களில் ஒன்று தென்கிழக்காசியா. வாரம் மூன்று முறை நின்றால் அது விண்கதிர் அல்ல. நினைவகத்தை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் ‘எக்ஸ்எம்பி’ அமைப்பை அணைத்துப் பாருங்கள். நினைவகச் சோதனையை இரவில் நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சியை மாற்றுங்கள்.

பழைய கேட்ரிட்ஜில் ஊதினால் வேலை செய்கிறதே?

வேலை செய்ய வைத்தது, அதைக் கழற்றி மறுபடி சொருகியதுதான். ஊதும்போது எச்சில் ஈரம் செப்பு முனைகளில் பட்டுக் களிம்பு பிடிக்கும், ஊதவேண்டாம் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஸ்விட்ச் அட்டை நாக்கில் பட்டால் கசப்பது, குழந்தைகள் விழுங்காமலிருக்க டெனட்டோனியம் பென்சோயேட் பூசியிருப்பதால்.

சுடும் ஆட்டம் ஆடினால் எனக்குக் குமட்டுகிறது.

ஓடுகிறோம் என்று கண் சொல்கிறது, உட்கார்ந்திருக்கிறோம் என்று உள்காது சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் குமட்டல். அமைப்பில் பார்வைக் கோணம் 60, 70 என்றிருந்தால் 90ஆக்குங்கள். தலை ஆட்டம், அசைவு மங்கல் இரண்டையும் அணையுங்கள். அறை விளக்கைப் போட்டு, திரைக்கு வெளியே அசையாத சுவர் கண்ணில் படும்படி உட்காருங்கள். குமட்டல் தொடங்கியதும் நிறுத்துங்கள், பொறுத்துக்கொண்டு ஆடினால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும். நாளுக்கு 10 நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனால் பலருக்குப் பழகிவிடுகிறது.

பிள்ளைகளின் கண் கெட்டுவிடுமா? எந்த ஆட்டம் வாங்கித் தரலாம்?

கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட வெளிச்சம் தேவை. வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ், திறந்தவெளியில் பகலில் 10,000க்கும் மேல். நாளுக்கு இரண்டு மணி நேரம் கீழ்த்தளத்துக்கோ பூங்காவுக்கோ அனுப்புங்கள், நிழலில் இருந்தாலும் போதும். ஆடும் நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டர் தொலைவில் உள்ள எதையாவது 20 நொடி பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப் புளோக்கின் சன்னல் போதுமானது.

சிங்கப்பூரில் 2008 முதல் ஆட்டங்களுக்கு வகைப்பாடு உண்டு. ‘ஏடிவி 16’ பெற்றோருக்கான அறிவுரை. ‘எம்18’ கட்டாயம், கடையில் வயதைச் சரிபார்த்துத்தான் விற்கவேண்டும்.

கைக் கன்சோலின் பின்பக்கம் உப்பியிருக்கிறது.

லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. இனி சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். பீங்கான் சட்டியிலோ எஃகுப் பாத்திரத்திலோ வைத்து, பற்றக்கூடியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். குப்பைக் குழாயில் போட்டால் அடியில் நசுங்கித் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் பெட்டித் துளைக்குள் தள்ளாமல், உப்பியது என்று சொல்லி ஆளிடம் நேரில் கொடுங்கள். மாற்றுப் பேட்டரி போட்ட பிறகு, மாதக்கணக்கில் ஆடப்போவதில்லை என்றால் பாதியளவு சார்ஜில் நிறுத்தி, வெயில் விழாத அலமாரியில் வையுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால்தான் அது விரைவில் கெடுகிறது.